வீழ்ந்தவருக்கு என்ன வேலை?

ஓர் அணியில் பதினொரு பேர் வீழ்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். எதிரணியில் எட்டுப் பேர் இன்னும் நடமாடுகிறார்கள். அந்த ஒருவர் தன் ராட்சத ரோபோவை ஒரு பாறை இடுக்கில் கொண்டுபோய் நிறுத்தி, அதன் உலையையே அணைத்துவிடுகிறார். உலை அணைந்த ரோபோ எதிரிகளின் ரேடாரில் தெரியாது. ஆட்டம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. எதிரிகள் குன்று குன்றாகத் தேடுகிறார்கள். அவர் அணியில் ஏற்கெனவே வீழ்ந்தவர்கள், அவர் உட்கார்ந்திருக்கும் இருண்ட அறையைத் தங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வந்து சண்டை போடு என்று ஒருவர் எழுதுகிறார். அவர் இஷ்டம், விடு என்கிறார் இன்னொருவர்.

‘மெக்வாரியர் ஆன்லைன்’ ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. இதில் யார் செய்வது சரி என்ற வாக்குவாதமும் அதே அளவு பழையது. வெளியிலிருந்து கேட்டால் சிறுபிள்ளைச் சண்டையாகத் தோன்றும். ஆனால் எவர் வாழ்விலும் ஒருநாள் வந்து நிற்கும் கேள்வி ஒன்று அதில் இருக்கிறது. தன் பங்கு முடிந்துவிட்டது, சண்டை மட்டும் தொடர்கிறது என்றால், முடிந்துபோனவர் என்ன செய்வது?

கனடாவின் வான்கூவரில் இருக்கும் பைரானா கேம்ஸ் நிறுவனம் இந்த ஆட்டத்தை 2012 அக்டோபரில் சோதனை வடிவில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. முறையான வெளியீடு 2013 செப்டம்பரில் நடந்தது. இதன் வேர் இன்னும் ஆழமானது. 1984இல் சிகாகோவின் ஃபாஸா நிறுவனம் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், பகடைகள், ரோபோ ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அதுதான் பின்னர் பேட்டில்டெக் என்று பெயர் பெற்றது. கதை நடப்பது முப்பத்தொன்றாம் நூற்றாண்டில். 20 டன்னிலிருந்து 100 டன் வரை எடையுள்ள, ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் மெக் எனும் ரோபோக்களே அதன் போர்வீரர்கள். அந்தத் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக அடித்துக் கவசம் குறைத்த கணக்கை, இணையத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பேர் மோதும் பதினைந்து நிமிட ஆட்டமாக மாற்றியிருக்கிறார்கள்.

பெரும்பாலான துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் சாவு என்பது சில விநாடித் தடங்கல். திரை கறுத்து, எண் ஒன்று குறைந்து, ஆள் மறுபடி முளைத்துவிடுவார். மெக்வாரியர் ஆன்லைனின் வழக்கமான ஆட்டங்களில் ஒரே உயிர்தான். கபடியிலாவது, எதிரணியில் ஒருவர் அவுட்டானால் வெளியே உட்கார்ந்திருப்பவர் உள்ளே வரலாம். இங்கே அந்த வழியும் கிடையாது. முதல் நிமிடத்தில் வீழ்ந்தவருக்கு மீதிப் பதினான்கு நிமிடமும் பார்வையாளர் இடம்தான்.

இந்த ஒற்றை உயிர் மற்ற எல்லாவற்றின் கனத்தையும் கூட்டிவிடுகிறது. லேசர் ஒவ்வொரு முறை சுடும்போதும் மெக்கின் சூடு ஏறும். எல்லை தாண்டினால் எந்திரம் தானாக நின்றுபோகும்; எதிரி முன்னால் நிற்கும்போது அப்படி நின்றால் கதை முடிந்தது. எரிமலைக் குழம்பு ஓடும் டெர்ரா தெர்மா களத்தில் சூடு மெதுவாகத்தான் தணியும். பனி மூடிய ஃப்ரோஸன் சிட்டியில் சீக்கிரம் தணியும். கையில் இருக்கும் ஆயுதம் அத்தனையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது என்பதை ஆட்டக்காரர் முதல் நாளே தெரிந்துகொள்கிறார்.

ஆனால் இந்த ஆட்டத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது உடலின் கணக்கு. ஒரு மெக்கின் உடல் எட்டுப் பகுதிகள் கொண்டது: தலை, நடுமார்பு, இரு பக்க மார்புகள், இரு கைகள், இரு கால்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கவசம். கவசத்துக்கு அடியில் எலும்புக்கூடு. ஒரு பக்க மார்பு போனால் அந்தப் பக்கக் கையும் அதோடு போய்விடும். ஒரு கால் போனால் மெக் நொண்டும். நடுமார்போ தலையோ இரண்டு கால்களுமோ போனால் சாவு. ஆகவே இந்த ஆட்டத்தில் சாவு ஒரே அடியில் வருவது அபூர்வம். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறார். தேர்ந்தவர்கள் அடி வாங்கும்போது இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பி, ஏற்கெனவே பயனற்றுப்போன கையைக் கேடயமாக முன்னால் கொடுத்து, நடுமார்பைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

எவ்வளவு இழந்த பிறகும் உதவியாக இருக்க விரும்புகிறோம் என்பதைக் களத்துக்கு வருவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியிருப்பதுதான் இதில் அழகு. எஞ்சின் வகைகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். சாதாரண எஞ்சின் கனமானது. ஆனால் முழுக்க நடுமார்புக்குள் அடங்கும். எக்ஸ்எல் எனப்படுவதன் எடை, பலகை விளையாட்டின் விதிப்படி, அதில் சரிபாதி. மிச்சமாகும் எடையில் இன்னும் நாலு ஆயுதம் ஏற்றலாம், வேகம் கூட்டலாம். ஆனால் அது பக்க மார்புகளுக்குள்ளும் பரவி நிற்கும். கதையில் வரும் இன்னர் ஸ்பியர் என்ற தரப்பின் மெக்குகளில் அப்படி ஒரு பக்கம் உடைந்தாலே எஞ்சினும் போய், மெக்கும் போய்விடும்.

ஐம்பது டன் செஞ்சுரியன் என்றொரு மெக் இருக்கிறது. அதன் ஒரு வகையில் நடுமார்பிலேயே இரண்டு லேசர்களைப் பொருத்தலாம். சாதாரண எஞ்சினைப் போட்டு இப்படி அமைப்பதை ஆட்டக்காரர்கள் ‘ஸோம்பி’ என்பார்கள். இரண்டு கைகளும் போய், இரு பக்க மார்புகளும் போய், வெறும் கம்பம் போல நின்றுகொண்டு அது இன்னும் இரண்டு லேசர்களால் சுட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டு லேசர்களால் பெரிய சேதம் எதுவும் நடக்காதுதான். ஆனாலும் அதை அடித்து வீழ்த்த எதிரிகள் இரண்டு மூன்று பேர் திரும்பி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வேறு யாரையும் சுடுவதில்லை. தன் நல்ல காலத்துக்காக மட்டும் அல்லாமல், குறைந்துபோன காலத்துக்காகவும் எடை ஒதுக்கி வைத்த ஒருவருடைய வடிவமைப்பு அது. இந்த ஆட்டம் தரும் எந்தப் பளபளப்பான வெற்றியைவிடவும் அந்தக் கைகளற்ற செஞ்சுரியன் மரியாதைக்குரியது.

பிறகு அதுவும் வீழ்கிறது.

வீழ்ந்தவரை ஆட்டம் கட்டிப்போடுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தி வெளியேறலாம். அதற்குத் தண்டனை கிடையாது. ஈட்டிய தொகை ஆட்டம் முடிந்ததும் கணக்கில் வந்து சேரும். ஒரே ஒரு கட்டு: அவர் ஓட்டிய அந்த மெக், அந்த ஆட்டம் முடியும் வரை பூட்டப்பட்டிருக்கும். நிறைய மெக்குகள் வைத்திருப்பவர் வேறொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த களத்துக்குப் போய்விடுவார். தனக்கென்று ஒன்றே ஒன்று வைத்திருக்கும் புதியவர், அதையேதான் ஓட்ட வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த நிமிடங்களில்தான் பலர் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்கும் தோழர்களின் கண்வழியே பார்க்கலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிக்கொண்டே இருக்கலாம். தன் மெக்கின் சூட்டையும் ரவையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகக் களம் முழுவதையும் பார்க்கிறார்.

அப்படிப் பார்ப்பவருக்கு ‘நாஸ்கார்’ சட்டென்று புரியும். களத்தின் நடுவே ஒரு குன்று இருந்தால், இரண்டு அணிகளும் அதைச் சுற்றி ஒரே திசையில் ஓடத் தொடங்கிவிடும். நீள்வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே சுற்றும் அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரியின் முதுகைப் பிடிக்கும் ஆசை. பலகை விளையாட்டுக் காலம் தொட்டு லோகஸ்ட் என்ற 20 டன் மெக் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் ஓடும். 100 டன் அட்லஸுக்கு 54தான் எல்லை. வேகமானவர்கள் சுற்றிக்கொண்டு போய்விட, அணியிலேயே அதிகக் கவசமும் அதிக ஆயுதமும் உள்ள அட்லஸ் பின்தங்கி, தனியாக மாட்டிக்கொண்டு சாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை. வீழ்ந்து உட்கார்ந்து அட்லஸின் கண்வழியே, தூரத்தில் சிறுத்துப்போகும் தோழர்களின் முதுகுகளைப் பார்க்கும்போது உறைக்கிறது.

வீழ்ந்தவரிடம் இன்னொன்றும் மிஞ்சியிருக்கிறது. அவர் சாவதற்கு முன் யாரை, எங்கே அடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். “அந்த அட்லஸுக்கு வலது மார்பில் கவசம் இல்லை.” “ரேவன் மெக் ஒரு காலோடு நிற்கிறது, ஆற்றங்கரைப் பக்கம்.” இத்தகைய ஒரு வரி, குரலாகவோ எழுத்தாகவோ, ஒரு மெக் செய்யும் வேலையைச் செய்துவிடும். உயிரோடு இருப்பவர்கள் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்கிறார்கள். அவருடைய சாவும் வீணாவதில்லை.

அதே வாயால் வேறு மாதிரியும் பேசலாம். எவனும் என் பின்னால் வரவில்லை, இந்த அணியே குப்பை, இடது பக்கம் திரும்பு, ஏன் சுடவில்லை, சுடு. மேலிருந்து எல்லாம் தெரிவதால் எல்லாம் எளிதாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவருக்கு அப்போது சூடு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும், இடது கால் சிவந்திருக்கும், காதில் ஏவுகணை எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்கும். வீழ்ந்தவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது உதவி. ஓட்டுவதைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்ப்பது தொல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மெல்லியதுதான். ஆனாலும் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அதைத் தாண்டாமல் இருப்பதைக் கேட்க முடிகிறது. செய்தியைச் சொல்வார்கள், பிறகு மைக்கை விட்டுவிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டவர்கள், பதவியை அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தேவைப்படும் பயிற்சி இது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பழகிப்பார்க்கும் இடம் வேறு எங்கும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

இப்போது பாறை இடுக்கில் ஒளிந்தவரின் வழக்கு. எதிரியை முழுவதும் அழிப்பதே குறி என்ற வகை ஆட்டமாக இருந்தால், நேரம் முடியும்போது அதிகம் வீழ்த்திய அணிக்குத்தான் வெற்றி. அவர் ஒளிவதால் முடிவு மாறப்போவதில்லை. அவருடைய புள்ளிவிவரத்தில் ‘சாவு’ என்ற பகுதியில் ஒரு எண் கூடாமல் இருக்கும், அவ்வளவுதான். அதற்காக அவர் பிறருடைய நேரத்தையும், பூட்டிக் கிடக்கும் அவர்களுடைய மெக்குகளையும் பிடித்து வைத்திருக்கிறார். அது சுயநலம், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஐந்து இடங்களைக் கைப்பற்றிப் புள்ளி சேர்க்கும் கான்க்வெஸ்ட் வகை ஆட்டம் என்றால் நிலைமையே வேறு. அங்கே ஒற்றை லோகஸ்ட் கண்ணில் படாமல் இடத்துக்கு இடம் ஓடி, பதினொரு பேர் வீழ்ந்த பிறகும் அணியை வெற்றிக்குக் கொண்டுபோக முடியும். அங்கே ஒளிவது கடமை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். எதற்காக ஒளிகிறார் என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பொறுமை இழந்த தோழர் ஒருவர், ஒளிந்தவரின் இடத்தை எதிரிக்கு எழுதிக் காட்டுவதும் நடக்கிறது. இதற்குச் சமாதானமே கிடையாது. சுயநலக்காரர் நாலு நிமிடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். காட்டிக்கொடுப்பவர், கூட ஆட வந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் நம்புவதற்கு இருந்த காரணத்தையே எடுத்துவிடுகிறார்.

முடிந்துபோனவர் என்ன செய்வது என்ற அந்தக் கேள்வி ஆட்டங்களுக்கே வரும்போது பதில் இன்னும் கடினமாகிறது. ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி, சேகா 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வெளியிட்ட ‘குரோம்ஹவுண்ட்ஸ்’ ஓர் அபூர்வமான ஆட்டம். மூன்று கற்பனை நாடுகள் ஓயாமல் போரிடும். களத்தில் இருக்கும் தகவல்தொடர்புக் கோபுரத்தைக் கைப்பற்றினால்தான் அதன் எல்லைக்குள் தோழரோடு பேசவே முடியும்; எல்லையைத் தாண்டினால் குரல் அறுந்துவிடும். சொல்லுக்கு அவ்வளவு விலை வைத்த இன்னோர் ஆட்டத்தைக் காண்பது கடினம். 2010 ஜனவரியில் அதன் சர்வர்கள் அணைக்கப்பட்டன. வட்டு வைத்திருந்தவர்களாலும் அதன்பின் அந்தப் போரை ஆட முடியாமல் போனது. ‘ஹாக்கன்’ ஆட்டத்தின் கணினிப் பதிப்புச் சர்வர்கள் 2018 ஜனவரியில் போயின. பண்டாய் நாம்கோவின் ‘கண்டம் எவல்யூஷன்’ 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 நவம்பரில் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் அதே கதி நேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. ‘மெக்வாரியர்: லிவிங் லெஜண்ட்ஸ்’ என்பது கிரைசிஸ் ஆட்டத்தின் மேல் ரசிகர்கள் கட்டி, 2009இல் இலவசமாக வெளியிட்ட ஆக்கம். மூலக் குழு 2013இல் வேலையை நிறுத்தியது. பிறகு வேறு ரசிகர்கள் அதை எடுத்து, புதிய பதிப்புகள் வெளியிட்டுத் தொடர்ந்தார்கள். எடுத்துக்கொள்ளும்படி ஏதோ ஒன்று விட்டுவைக்கப்பட்டிருந்ததால் அது நடந்தது.

யுபிசாஃப்ட் தன் ‘தி க்ரூ’ கார் ஆட்டத்தை 2024இல் அணைத்தபோது, ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கம் இதைத்தான் கேட்கிறது. அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைத்த குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நிறுவனம் காலத்துக்கும் சர்வர் நடத்த வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். வீழ்ந்த ஆட்டக்காரர் எந்த மார்பில் கவசம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவதைவிடப் பெரிதாக எதையும் இந்தக் கோரிக்கை கேட்கவில்லை. பைரானாவின் கவனம் மெக்வாரியர் 5 வரிசைக்குத் திரும்பிய பிறகும் மெக்வாரியர் ஆன்லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து மெக் வாங்கியவர்கள் அதில் நிறையப் பேர். சர்வர் நிரலை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்ற பேச்சை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தொடங்க வேண்டும்.