சுவருக்கு முன்னே ஒரு தாள்



கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தால் முசியம் நெகாரா வரும். அதன் முகப்பில் இரண்டு பெரிய சுவர்ச்சித்திரங்கள் இருக்கு. ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். இத்தாலியக் கண்ணாடித் துண்டுகளால் நம் நாட்டின் வரலாற்றையும் வாழ்க்கையையும் பதித்திருக்கிறார்கள். 1962-இல் நடந்த போட்டியில் வென்று இவற்றை வடிவமைத்தவர் ஓவியர் சியோங் லாய் தோங். 31.8.1963-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ லட்சம் பேர் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் சுவருக்கு முன்னே ஒரு தாள் இருந்ததே, அந்த முன்வரைவை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நான் பொறியியல் படிப்பவன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு மீட்டர் நீளத் தாளில் வரைந்து 35 மீட்டர் சுவருக்குப் பெரிதாக்கினால், தாளில் ஒரு மில்லிமீட்டர் பிசகு சுவரில் மூன்றரை சென்டிமீட்டர். ஒரு முகத்தில் கண் அவ்வளவு தள்ளிப்போனால் என்ன ஆகும்?

இந்தக் கணக்கு என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. போன செமஸ்டரில் ஒரு லேப்பில் ஐந்து அளவுகள் எடுக்க வேண்டும். மூன்றுதான் எடுத்தேன். மீதி இரண்டைக் கோடு நேராக வருகிற மாதிரி நானே எழுதிக்கொண்டேன். "டேய், இது வெறும் ரிப்போர்ட்தானே, நிஜப் பாலமா கட்டப் போற?" என்றான் நண்பன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

யாரும் பார்க்காத, ஒத்திகை மாதிரியான வேலையில் பொய் கலந்தால் அது உண்மையிலேயே தவறா?

"முன்வரைவு என்றாலே தப்பு செய்யத்தானே?" என்று கேட்கலாம். சரிதான். ஓவியர் ஒரு கோட்டைப் பத்து தடவை அழிக்கலாம். தாள் இருப்பதே அதற்குத்தான். ஆனால் தப்பு செய்வது வேறு, தப்பை மறைப்பது வேறு. மறைத்துவிட்டால் திருத்த வழியே இல்லை. அப்புறம் அந்தத் தாள் எதற்கு?

பூசலார் நாயனாரை நினைத்துப் பாருங்கள். கோயில் கட்டக் கையில் காசில்லை. திருநின்றவூரில் உட்கார்ந்து மனதிலேயே கட்டினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. மனக்கோயில்தானே, நேராகச் சிகரத்துக்குப் போயிருக்கலாமே? போகவில்லை. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய மன்னனின் கனவில் இறைவன் வந்து, குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நாளில் அவர் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது!

"பலனை எதிர்பார்க்காதே" என்ற கீதையின் கருத்தை நாம சில சமயம் "ரிசல்ட் எப்படி வந்தா என்ன" என்று புரிந்துகொள்கிறோம். எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அந்த இரண்டு எண்களை எழுத வைத்ததே மார்க் மேல் இருந்த ஆசைதான். பலன் மேல் கண் இருந்ததால்தான் வேலையில் கை நழுவியது. வள்ளுவரும் வினைத்தூய்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

மறுநாள் விரிவுரையாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மார்க் குறைந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுப்போன இரண்டு அளவுகளையும் திரும்ப எடுத்தபோது, ஒன்று கோட்டை விட்டு நன்றாகவே விலகி நின்றது. ஏன் என்று தேடியபோதுதான் கருவியை நான் சரியாகப் பொருத்தவில்லை என்று தெரிந்தது. பொய் எழுதியிருந்தால் அந்தப் பாடம் எனக்குக் கிடைத்தே இருக்காது.

இருபது வயசு என்பதும் ஒரு முன்வரைவுதான். சுவர் இன்னும் வரவில்லை. கோடு கோணலாகப் போனால் பயப்படாதீர்கள், அழித்து வரையுங்கள். நேராக இருப்பதாக மட்டும் நடிக்க வேண்டாம். இன்று ஒரு மில்லிமீட்டர்தான். சுவரில் ஏறும்போது அது வளர்ந்திருக்கும்.