வையாவிருத்தியம்: நோயுற்றார் அருகில் ஆற்றும் தவம்



தவம் என்றவுடன் உண்ணாநோன்பே நம் நினைவுக்கு வருகிறது. அட்டமியும் சதுர்த்தசியும் தவறாமல் நோற்றோம் என்று மனம் நிறைகிறோம். ஆனால் உமாசுவாமி முனிவர், தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியம் என்னும் பணிவிடையை வைத்தார். அதற்குரியோர் பதின்மருள் நோயுற்றாரும் ஒருவர். அது துறவியர்க்குச் சொன்னதன்றோ என்று ஒதுங்கவும் வழியில்லை. சமந்தபத்திர சுவாமிகள் இல்லறத்தாரின் விரதங்களுள்ளேயே இதனைச் சேர்த்துவிட்டார்.

ஆசிரியப் பணியின் பொருட்டு ஒக்கூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நாம், இவ்வூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்க்கிறோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இரண்டாம் கட்டில் ஓர் ஆச்சி படுக்கையில் கிடப்பார். கூலிக்கு அமர்த்திய பெண் ஒருத்தி உடனிருப்பாள். பணம் தவறாமல் வரும். பிள்ளையின் கை மட்டும் வராது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம்மவர் வீடுகளிலும் இந்நிலை புகுந்துவிட்டது. தொலைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. ஒரே கூரையின் கீழ் இருப்போரும் மலமூத்திர நாற்றத்திற்கும் படுக்கைப் புண்ணிற்கும் அஞ்சி வாயிற்படியிலேயே நின்று நலம் விசாரிக்கிறார்கள்.

இவ்வருவருப்பை வெல்வதே நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மை. உத்தாயன மன்னன் கதை நீங்கள் அறிந்ததே. அவனைச் சோதிக்க வந்த தேவன் தொழுநோய் கொண்ட முனிவர் வடிவில் உணவு ஏற்று, மன்னன்மீதும் அரசிமீதும் வாந்தி எடுத்தான். மன்னன் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வாத உணவைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தி, தன் கையாலேயே கழுவித் துடைத்தான். பிறர் துன்பத்திற்குத் தன்னிடம் காரணம் தேடிய அந்த நெஞ்சைத்தான் நாம் போற்ற வேண்டும்.

சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை என்னும் பிராகிருத நூல், சல்லேகனை ஏற்றவர்க்கு உதவும் முனிவர் நாற்பத்தெண்மரைக் கூறுகிறது. சிலர் அவரைத் தாங்கிப் புரட்டுவர். சிலர் அறக்கதை சொல்வர். சிலர் உணவையும் நீரையும் கவனிப்பர். உடலுக்கு ஒருவர், உள்ளத்திற்கு ஒருவர் என்று பணி பகுக்கப்பட்டிருப்பது வியப்பளிக்கிறது. செவிலியராகப் பணியாற்றிப் பின் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளியின் வலி உடலோடு முடிவதில்லை. மனம், உறவு, ஆன்மா ஆகியவற்றிலும் அது உண்டு என்று அவர் விளக்கியதையே இன்றைய செவிலியர் ஆய்வுகள் விரித்துப் பேசுகின்றன.

திருக்குறளின் மருந்து அதிகாரமும், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் மருத்துவத்தின் நான்காம் பகுதியாக எண்ணுகிறது. சரக முனிவர் அப்பேணுபவனுக்கு வேண்டிய குணங்களாகப் பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை என நான்கைக் கூறினார். அன்பிருந்தால் போதும் என்று அவர் விடவில்லை. நம் வீடுகளில் அன்பு குறைவதைவிட அறிவு குறைவதே மிகுதி.

அவ்வறிவைக் கற்பிக்க வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, படுக்கையிலுள்ளோரைக் காணச் செவிலியர் வீட்டிற்கே வருகிறார். அவர் வரும் நாளில் வீட்டார் ஒருவர் உடனிருக்கட்டும். கிடந்த கிடையாய் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டும் முறை, புண் கழுவும் முறை, வாயைத் துடைக்கும் முறை ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். கூலிக்கு வரும் பெண்ணையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். இரவில் அவள்தானே விழித்திருக்கிறாள்.