பழகிய முகம்

கரமனைத் தமிழர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டார் முகத்திலேதான் விழிக்க வேண்டும். அவ்வாறு நாற்பது ஆண்டுகளாக நாம் விழித்துவரும் முகம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு மும்பையிலிருந்து அந்நண்பரைக் காண வந்த தம்பி முறையினர் ஒருவர், வாயிலில் கால் வைத்ததுமே, "என்ன அண்ணா, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறதே! இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்று பதறினார். அன்று காலைதான் அதே முகத்தை நோக்கி அரைமணி நேரம் நாம் அரிசி விலை பேசியிருந்தோம். மஞ்சள் நமக்குத் தெரியவில்லை. வைத்தியர், "முன்னமே அழைத்து வந்திருக்கலாமே" என்றார். அச்சொல் இன்னும் நம்மைச் சுடுகிறது.

கண் பழுதில்லை, பின் ஏன் தெரியவில்லை? மணிமேகலை கூறும் ஐங்கந்தங்களுள் ஒன்று குறிப்பு. பாளியில் அதனைச் சஞ்ஞை என்பர். 5-ஆம் நூற்றாண்டில் ஈழத்திலிருந்து விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோசர் இதற்குத் தச்சனை உவமை காட்டுகிறார். தச்சன் மரத்தில் ஓர் அடையாளம் இட்டுவைக்கிறான்; மறுமுறை அதனைக் கண்டதும், முன்பு கண்ட மரம் இதுவே என்று அறிந்துகொள்கிறான். இடையில் அம்மரத்தில் கறையான் ஏறியிருந்தால் அவ்வடையாளம் அதனைச் சொல்லாது என்பதை நாம் சேர்த்துக்கொள்வோம்.

பழக்கத்தை முற்றும் பழிப்பதற்கில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டச்சு நாட்டில் பெயர்பெற்ற இருவரின் 40 நிழற்படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவ்விருவரையும் அறியாத பிரிட்டன் நாட்டினர், சராசரியாக ஏழெட்டு ஆட்கள் இருப்பதாகப் பிரித்தனர். அறிந்த டச்சுக்காரரோ ஏறக்குறையப் பிழையின்றி இரண்டே குவியலாக்கிவிட்டனர். ஒளி மாறினாலும் தலைமுடி மாறினாலும் பழகிய கண் ஆளை விடுவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் தாய் தன் பிள்ளையைக் கண்டெடுப்பதும் இவ்வாற்றலால் அன்றோ? ஆயினும், மாறுதலைத் தாண்டத் தெரிந்த கண் மாறுதலைத் தவறவிடவும் கற்றுவிடுகிறது. பகவன் போதித்த அநித்தியத்தை ஏட்டில் ஒப்புக்கொள்கிறோம். எதிர்வீட்டு முகத்தில் ஒப்புக்கொள்கிறோமில்லை.

நண்பர் இப்பொழுது மருந்தும் பத்தியமுமாகத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். பேச்சைத் தொடங்குமுன் சிறிது நேரம் அவர் முகத்தைப் பார்க்கிறோம். அவருக்கு அது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. சென்ற வாரம் இடப்புருவத்தின்மேல் ஒரு பழந்தழும்பு தென்பட்டது. எப்பொழுது பட்டது என்று வினவினோம்.

"பத்து வயதில் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தேன். நீர் இத்தனை நாளும் பார்த்ததில்லையா?" என்றார்.