புகையும் பொறுப்பும்

லொறியின் உறுப்புக்களுள் அதன் சொந்தக்காரருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது புகைக்குழாயின் கடைசி ஆறடியே. எஞ்சின் இழுக்கிறது, சில்லு உருள்கிறது, பிரேக் உயிரைக் காக்கிறது. கடைசி ஆறடிக் குழாயோ எதையும் இழுப்பதுமில்லை, காப்பதுமில்லை. வண்டியின் கழிவை யாரோ ஒருவரின் முகத்திலிருந்து சற்று அப்பால் கொண்டுசென்று விடுவது ஒன்றே அதன் வேலை. அந்த யாரோ ஒருவர் லொறிக்காரருக்குப் பணம் கொடுப்பவருமல்லர். ஆகவே குழாய் துருப்பிடித்து விழும்போது முதலிற் கைவிடப்படுவதும் அந்த ஆறடியேயாம்.

கைவிட்டது குற்றமா? குற்றமாயின் யாருடைய குற்றம்?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கண்டாவளைப் பிரதேசத்தை ஊடறுத்துச் செல்கிறது. அறுவடைக் காலத்தில் முரசுமோட்டையையும் தருமபுரத்தையும் கடந்து நெல்லும் வைக்கோலும் ஏற்றிய லொறிகள் போகின்றன. அவற்றுட் பழைய வண்டிகள் பல. பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் செல்வதும் இதே சாலையில்தான். சுமையேற்றிய பழைய லொறி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கரும்புகை ஒரு திரையாக எழுகிறது. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். சாரதி பக்கக் கண்ணாடியில் அப்புகையைக் காணலாம், முகர்வதில்லை.

பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குவதுதானே என்பர் சிலர். சொல்வது எளிது. 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இதே சாலைவழியேதான் வன்னி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். உழவு இயந்திரங்களும் லொறிகளுமே பலருக்கு வீடுகளாயின. முள்ளிவாய்க்கால்வரை சென்ற வாகனங்களுட் பல அங்கேயே எரிந்தன. எஞ்சியவை உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. மீண்டு வந்து தொழில் தொடங்கியவர்களுட் பலருக்குக் கிட்டியது பிறர் ஓட்டிக் களைத்த வண்டியே. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அத்தடை தளரும்வரை நாட்டிலிருந்த பழைய வண்டிகளே விலையேறிக் கைமாறின. பழைய லொறி வைத்திருப்பவரைப் பார்த்து ‘ஏன் பழையது?’ என்று கேட்பதற்கு முன் இந்த வரலாற்றை நாம் கேட்டாக வேண்டும்.

சரி, கையிற் சிறிது பணமே உள்ளது. குழாயைத் திருத்த வேண்டும். என்ன செய்வது? நமது படித்த வாசகருட் பலர் எஞ்சினை மூடியைத் திறந்து பார்த்திராதவர்கள். அவர்கள் பொருட்டு இதனைச் சற்று விரித்துரைப்பது தவறாகாது. புதிய சைலன்சர் பூட்டினாற் கரும்புகை மறையும் என்று பலர் நம்புகின்றனர். அது மறையாது. சைலன்சர் ஒலியை அடக்கும். புகை பிறப்பது எஞ்சினுள்ளே. காற்று குறைந்து டீசல் மிகுந்தாற் கரும்புகை வரும். அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த நொசில், அளவுக்கு மீறி டீசலைத் தள்ளும் பம்பு, தாங்காத சுமை ஆகியனவே அதற்குக் காரணங்கள். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். வெண்புகையோ டீசல் எரியாமற் போவதையோ நீர் உட்புகுவதையோ காட்டும். ஒரு நல்ல மெக்கானிக் புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்.

குழாயின் நோய் வேறு. புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே வண்ணம் பூசி என்ன பயன்? சைலன்சரின் உட்தகடுகள் உடைந்து விழுந்தால் வழி அடைபட்டு எஞ்சின் மூச்சுத் திணறும், புகையும் கூடும். எஞ்சினோடு குழாய் சேருமிடத்தில் காஸ்கட் எரிந்துவிட்டால் நச்சுக்காற்று சாரதியின் இருக்கைக்கே வந்து சேரும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வைக்கோல் ஏற்றும் வண்டியிலோ பொத்தலான குழாயின் வெப்பம் தீயையே மூட்டிவிடக் கூடும். இவற்றுக்கெல்லாம் முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதில்லை. உக்கிய பகுதியை வெட்டி, அதே விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்து ஒட்டி, புதிய காஸ்கட் பூட்டி, அறுந்த றப்பர்த் தாங்கிகளை மாற்றினாற் போதும்.

கவனிக்க வேண்டியது, இவையனைத்தும் லொறிக்காரருக்கே இலாபமானவை என்பதாகும். கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் அவருடைய டீசலன்றி வேறென்ன? 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. அந்நாளிற் புகையைக் கண்டு பதறியவர்கள் சுற்றுச்சூழல் அறிஞர்கள் மட்டுமல்லர். தன்னலமும் பொதுநலமும் இங்கு ஒரே பாதையிற் செல்கின்றன. கட்டுரையை இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கும். ஆனால் அறம் பற்றிய வினா இனித்தான் தொடங்குகிறது.

பம்பைச் சற்று முடுக்கிவிட்டால் வண்டி கூடுதற் சுமையை இழுக்கும், புகையும் கூடும். ஆனால் அந்தக் கூடுதல் மூட்டைகளின் கூலி விரயமாகும் டீசலின் விலையை மிஞ்சிவிடுகிறது. இங்கு பாதை பிரிகிறது. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டத்தின்படி, சான்றிதழ் இல்லாமல் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. நல்ல ஏற்பாடு. எனினும் டீசல் வண்டி அங்கு சுமையின்றி, நின்ற இடத்திலேயே முடுக்கிச் சோதிக்கப்படுகிறது. முதல்நாள் பம்பைத் தணித்து மறுநாள் மீண்டும் முடுக்குவது ஒரு திருகாணியின் வேலை. சான்றிதழ் உண்மை சொல்கிறது. சாலை வேறோர் உண்மையைச் சொல்கிறது.

இந்தத் திருகாணியை ஏழையின் கள்ளம் என்று ஏளனம் செய்வோருக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2015 செப்டெம்பரில் அமெரிக்காவில் அம்பலமான வொக்ஸ்வேகன் மோசடியும் இதே கள்ளந்தான். பரிசோதனை நடப்பதை உணர்ந்து அந்நேரம் மட்டும் புகையைக் குறைக்கும் கணினி நிரல் உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் டீசல் வாகனங்களிற் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல என்றே நாம் கொள்கிறோம். அந்தப் பெருநிறுவனத்திடம் நேரிய வழியிற் செல்லப் பணமும் அறிவும் இருந்தன. கூடுதல் இலாபத்துக்காக அது பொய்யைத் தேர்ந்தது. நம் லொறிக்காரரோ தவணைப் பணத்துக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் நடுவே நின்று தேர்கிறார். குற்றத்தின் எடை வேறு. ஆனால் சைக்கிளிற் செல்லும் பிள்ளையின் நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. புகைவிட்டவரின் வருமானத்தை விசாரித்து அது வகைப்படுத்தவில்லை.

மான்செஸ்டர் நகரத் தொழிற்சாலைப் புகையை மேல்காற்று ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கே தள்ளியதால் முதலாளிகள் அத்திசையில் வீடு கட்டாமல் விட்டனர் என்றும், அங்கே அதனைச் சுவாசித்தோர் தொழிலாளரே என்றும் 1845இல் ஏங்கெல்ஸ் எழுதினார். கண்டாவளையில் நிலைமை இன்னும் வேதனையானது. இங்கு புகைவிடுபவரும் ஏழை, சுவாசிப்பவரும் ஏழை. வீதியோரத் தேநீர்க்கடைக்காரர், மூட்டை தூக்கும் தொழிலாளர், பாடசாலைப் பிள்ளை ஆகியோரே லொறிக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிற்பவர்கள். நெல்லைக் குறைந்த கூலியிற் கொண்டுபோகச் செய்து ஆதாயம் பெறும் பெருவியாபாரி அச்சாலையில் நிற்பதில்லை. வண்டிக்கூலி பேசப்படும்போது டீசல் கணக்கிடப்படுகிறது, சாரதியின் படி கணக்கிடப்படுகிறது; நொசிலின் தேய்மானமும் ஆறடிக் குழாயும் எவர் கணக்கிலும் வருவதில்லை. அக்கூலியின் மலிவுக்கு ஒரு பங்கை நுரையீரல்கள் செலுத்துகின்றன.

ஆகவே லொறிக்காரரின் மனச்சாட்சியை மட்டும் நோக்கிப் பேசுவது அரைகுறை அறமாகும். அவருடைய வறுமையை மட்டும் பேசி அவரை விடுவிப்பது மற்றோர் அரைகுறை. பரிசோதனைக்கு அவர் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணம் நோயை அளக்கிறது, மருந்து தருவதில்லை. நொசிலையும் பம்பையும் சோதித்துச் சீராக்கும் கருவி ஒன்றைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏன் வைத்திருக்கக் கூடாது? உரமும் விதையும் கூட்டாக வாங்கலாமென்றால் இதுவும் ஆகும். வண்டிக்கூலியிற் பராமரிப்புக்கென ஒரு பங்கு சேர்க்குமாறு லொறிக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்கலாம். தனித்தனியே கேட்டால் அடுத்த லொறி கூப்பிடப்படும்.

அதுவரையிலும் கையிலுள்ள சிறு பணத்தை முதலிற் காஸ்கட்டுக்கும் பின்னர் வடிகட்டிக்கும் நொசிலுக்கும் செலவிடுவதே முறை. எஞ்சியது அந்த ஆறடி. நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வன. பாதியில் முறிந்து இடப்பக்கம் வாய்திறந்த குழாய் சாலையோரம் நடப்பவர்மீதே ஊதுகிறது. வைக்கோல் வண்டியிற் குழாயை மேலே ஏற்றுவது ஆபத்து. பின்சட்டம்வரை நீட்டுவதே வழி. களத்தடியில் மூட்டை ஏற்றும்போது தொழிலாளர் நிற்பதும் வண்டியின் பக்கத்திலேதான். அந்நேரம் எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. நிறுத்துவதற்குச் செலவேயில்லை, பற்றரி பழையது, நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற அச்சத்தினாலேயே அது நிறுத்தப்படுவதில்லை.