பகைவரோடும் உட்கார்ந்து பேசிய நபி (ஸல்)

 

2016-ல் ஈரானிலிருந்து ஹாஜிகள் ஹஜ்ஜுக்கு வரவில்லை. அந்த ஜனவரியில் ஷீஆ அறிஞர் நிம்ர் அல்-நிம்ருக்கு சவூதி அரசு மரண தண்டனை நிறைவேற்றியது. டெஹ்ரானில் சவூதி தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள். சவூதி உறவை முறித்தது. முந்தைய ஆண்டு மினா நெரிசலில் ஈரான் ஹாஜிகள் பலர் மவுத்தான வேதனை வேறு. ஹஜ் பற்றிய பேச்சுவார்த்தையும் முறிந்தது. நிய்யத் வைத்துக் காத்திருந்த முதியவர் என்ன குற்றம் செய்தார்?

ஹிஜ்ரி 6-ல் நபி (ஸல்) அவர்களும் உம்ராவுக்குப் போய்த் தடுக்கப்பட்டார்கள். இஹ்ராமில் இருந்த ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்கள், ஹுதைபிய்யா. உடன்படிக்கை எழுதும்போது 'அல்லாஹ்வின் தூதர்' என்ற வார்த்தையை ஏற்க மாட்டோம் என்றார் குறைஷிகளின் தூதர் சுஹைல். அலீ (ரலி) அதை அழிக்க மனமில்லாமல் நின்றார்கள். நபியவர்களே அழித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்கே அது தாங்கவில்லை! ஆனால் அந்த உடன்படிக்கையைத்தான் தெளிவான வெற்றி என்கிறது சூரா ஃபத்ஹ். மறு ஆண்டு உம்ரா நிறைவேறியது.

ஷீஆக்களோடு நமக்குக் கொள்கை வேறுபாடு உண்டு. நான் மறைக்கவில்லை. குறைஷிகளோ சிலை வணங்கிகள், நபியவர்களோடு போரிட்டவர்கள். அவர்களோடு பேசலாம், இவர்களோடு கூடாதா?

ஈரான் ஹாஜிகள் 2017-ல் திரும்பி வந்தார்கள். தூதரகங்கள் திறக்கவில்லை. யமனில் சவூதி கூட்டணி குண்டு வீசியது. ஹூதிகளுக்கு ஈரான் கைகொடுத்தது. 2021 முடிவுக்குள் அந்தப் போரில் 3,77,000 உயிர்கள் போயிருக்கும் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. பாதிக்கு மேல் குண்டுபட்டு அல்ல. பசி, நோய், சுத்தமான தண்ணீர் இல்லாமை. நபியவர்கள் ஈமானுக்காகப் பாராட்டிய யமன் அது!

பக்தாதிலும் ஓமனிலும் பேசிப் பேசி, கடைசியில் 2023 மார்ச் 10-ல் பெய்ஜிங்கில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. இரண்டு முஸ்லிம் நாடுகளைச் சேர்த்துவைக்கச் சீனா வர வேண்டியிருந்தது. சூரா ஹுஜுராத் அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறது? 'இது வெறும் அரசியல்' என்று சிலர் சிரித்தார்கள். இருக்கட்டுமே! அடுத்த மாதம் ரமளானில் யமன் போரின் கைதிகள் 800-க்கும் மேற்பட்டோர் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அந்தக் கையெழுத்து ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூதர்கள் பேசாத காலத்தில் இப்படிப்பட்ட கதவுகள் திறப்பது அரிது.

நாமோ இங்கே கைப்பேசியில் ஒரு பக்கத்துக்குக் கொடி பிடித்து, மறுபக்கத்து மய்யித்தைப் பார்த்து மகிழ்கிறோம். பஜ்ரு தொழுத கையால் அதையும் அனுப்புகிறோம்.

யா அல்லாஹ்! யமனில் இன்னும் சிறையில் கிடப்பவர்களை அவர்களுடைய பிள்ளைகளிடம் சேர்ப்பாயாக! ஆமீன்.