மோதிரத்துக்கு எத்தனை பேர்?

மலையகத் தோட்டங்களில் பரிசம் போடும் நாளில் மணமகள் அணியும் மோதிரத்துக்கு எவ்வளவு செலவிடலாம்? இக்கேள்வி அற்பமானதன்று.

செக்ரோலில் பதியும் ஒரு நாள் வேலையைத் தோட்டத்தார் 'ஒரு பேர்' என்பர். அதனையே அளவுகோலாகக் கொள்வோம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டில் ஒரு பவுண் பொன்னின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அரைப் பவுண் மோதிரமெனில் 55 பேருக்குக் குறையாது. உண்ணாமல் உடுக்காமல் இரண்டு மாத உழைப்பு!

1980களில் அமெரிக்காவில் டி பியர்ஸ் என்னும் வைர நிறுவனம், இரண்டு மாதச் சம்பளமே மோதிரத்துக்குத் தகுந்த விலையென விளம்பரம் செய்தது. அன்பின் அளவை விற்பவனே வகுத்த விந்தை அது. நம் லயங்களிலோ அவ்விதியை ஊர்வாய் விதிக்கிறது.

'ஏழைக்கு ஏன் பொன்?' என உபதேசிப்போருடன் நாம் உடன்படோம். சிக்கனம் கூலிக் கோரிக்கைக்கு மாற்றாகாது. மேலும், மிச்சமற்ற வீட்டில் பொன்னே சேமிப்பு. நோய்க்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஹட்டன் நகரத்து அடகுக்கடைக்குச் செல்வது அதுவே. ஆயின் வட்டிக் கடனில் வாங்கிய மோதிரம் சேமிப்பன்று. மணமான பின்னர் அக்கடனைத் தீர்க்கக் கொழுந்து பறிக்கப்போவதும் அந்த மோதிர விரலேயன்றோ!

ஆகவே, கையிலுள்ள சேமிப்புக்கு மேற்படாத மோதிரமே போதும். தொகையை இரு வீட்டாரும் முடிவு செய்யுமுன் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். ஆசிரியரும் மாணவருமாகிய நாம், நம் வீட்டுப் பரிசத்திலேயே இதனைத் தொடங்குவோம்.