கை சுத்தமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனால், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஊரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த அக்காமாரைப் பார்க்கலாம். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "கை சுத்தமா?" என்பதுதான். சமையல் எல்லாம் அப்புறம்.

தப்பான கேள்வி இல்லை. பிள்ளையையும் வீட்டுச் சாவியையும் ஒப்படைக்கிறோமே! பணிப்பெண்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் கேள்வி ஒரு பக்கம் மட்டும் போனால் என்ன ஆகும்?

இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானியின் வழக்கு நினைவிருக்கிறதா? 2007 முதல் ஒரு வசதியான குடும்பத்தில் வேலை செய்தவர். 2016 அக்டோபரில் திடீரென நிறுத்தப்பட்டார். மகனுடைய வீட்டையும் அலுவலகத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வைத்தது சட்டவிரோதம், மனிதவள அமைச்சிடம் புகார் செய்வேன் என்றார். இரண்டே நாளில் அவர்மேல் திருட்டுப் புகார். 2019இல் 26 மாதச் சிறைத் தண்டனை. திருடியதாகச் சொன்னவற்றில் ஒன்று, சரியாக ஓடாத டிவிடி பிளேயர்! வழக்கறிஞர் அனில் பால்சந்தானி கட்டணம் வாங்காமல் வாதாடினார். 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் பார்த்தியை விடுவித்தது. புகாரின் பின்னால் தவறான நோக்கம் இருந்ததாகவும் நீதிபதி சொன்னார்.

வேலைக்குப் போக முடியாமல் காப்பகத்தில் கழிந்த அந்த நாலு வருஷம் எந்தத் திருட்டுப் பட்டியலில் வரும்?

யோக சூத்திரம் சொல்லும் ஐந்து யமங்களில் ஒன்று அஸ்தேயம். நம் தமிழில் கள்ளாமை. வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வைத்தார். பிறர் நகையை எடுக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பிறர் நாளை எடுப்பது? பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013இலேயே விதியாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் காசு கொடுக்கலாம் என்றும் இருந்தது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்தும் வாங்க முடியாது. "விருந்தாளி வர்றாங்க, அடுத்த வாரம் போயேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அப்போது நம் கை சுத்தமா?

வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேசுவது சுலபமில்லை, தம்பி தங்கைகளே. நான் பேசியபோது அம்மா கேட்டார்: "அப்போ பாத்திரத்தை யாரு கழுவுறது?"

அந்த ஞாயிறு நானும் தம்பியும் கழுவினோம். அக்கா ராத்திரி ஏழு மணிக்கு வந்து, எண்ணெய்ப் பிசுக்கு போகாத இரண்டு சட்டியை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.